பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் கேட்பது?

சிவில் இன்ஜினியரிங் முடித்து இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கத் தொடங்கியபோது, மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது, மூன்று பரிந்துரைக் கடிதங்களை யார் யாரிடம் கேட்பது என்ற கேள்விதான்.

எங்கள் கல்லூரியில் எல்லோரும் செய்வதைப் போல நானும் முதலில் துறைத்தலைவரிடம் போனேன். அவர் அன்பாகத்தான் பேசினார். "நீயே எழுதிக்கொண்டு வாம்மா, லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றார். அன்றிரவு எழுத உட்கார்ந்தபோது, மதிப்பெண் பட்டியலில் ஏற்கெனவே இருப்பதைத் தவிர அவர் பெயரில் எழுத எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. பரிந்துரைப்பவர் நிரப்பவேண்டிய படிவங்களின் மாதிரியைத் தேடிப் பார்த்தேன். இந்த மாணவரை எத்தனை காலமாக, எந்த வகையில் அறிவீர்கள், உங்களிடம் படித்தவர்களில் முதல் 5 சதவீதத்தில் வருவாரா, 10 சதவீதத்திலா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். அறுபது பேரில் ஒருத்தியாக மட்டுமே என்னைப் பார்த்தவர் இதற்கு நேர்மையாக என்ன பதில் சொல்ல முடியும்?

அப்போதுதான் ப்ராஜெக்ட் கைடாக இருந்த மேடத்தின் நினைவு வந்தது. சிமெண்டில் 30 சதவீதத்துக்குப் பதிலாக ஃபிளை ஆஷ் எனப்படும் அனல்மின் நிலையச் சாம்பலைக் கலந்து, 150 மில்லிமீட்டர் கான்கிரீட் கனசதுரங்களை வார்த்திருந்தோம். ஏழாம் நாள் சோதனையில், சாதாரணக் கலவை தாங்கிய சுமைக்கு வெகுவாகக் கீழேயே அவை நொறுங்கின. எண்களைச் சற்று உயர்த்தி எழுதலாம் என்று குழுவில் பேச்சு எழுந்தது. நான் மறுத்து, வந்ததை வந்தபடியே குறிப்பேட்டில் எழுதினேன். சாம்பலின் வினை மெதுவானது, 28, 56ஆம் நாள்வரை பொறுங்கள் என்று மேடம் சொன்னார். 56ஆம் நாளில் அந்த இடைவெளி பெரிதும் குறைந்திருந்தது. அத்தனை நாளும் எங்களுடன் சோதனை இயந்திரத்தின் அருகில் நின்றவர் அவர்தான்.

ஆனால் அவர் உதவிப் பேராசிரியை. முனைவர் பட்டம் முடித்திருக்கவில்லை. அந்தத் தயக்கத்திலேயே எனக்கு இரண்டு வாரங்கள் வீணாயின. கடைசியில் தொலைபேசியில், "வலுவாக எழுத முடியும் என்று தோன்றினால் மட்டும் எழுதுங்கள் மேடம், இல்லையென்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்" என்றேன். இப்படிக் கேட்பது மிக அவசியம் என்று கருதுகிறேன். பட்டும் படாமலும் வரும் கடிதத்தைவிட வெளிப்படையான மறுப்பு நமக்கு நல்லது. அவர் உடனே, "அந்த ஏழாம் நாள் ரீடிங் நோட்டு இருக்கிறதா? அனுப்பும்மா" என்றார்.

இரண்டாவது கடிதத்தை, வகுப்பு முடிந்த பின்னும் என் சந்தேகங்களுக்காக உட்கார்ந்து பேசிய கட்டமைப்புப் பகுப்பாய்வுப் பேராசிரியரிடமும், மூன்றாவதை அலுவலகத்தில் என் வரைபடங்களைத் தினமும் திருத்திய டீம் லீடரிடமும் கேட்டேன். கடைசி நாள் டிசம்பர் 15 என்றாலும் செப்டம்பரிலேயே மூவருக்கும் பல்கலைக்கழகப் பட்டியலையும் தேதிகளையும் அனுப்பிவிட்டேன். கடிதத்தைப் பதிவேற்றுவதற்கான இணைப்பைப் பல்கலைக்கழகம் அவர்களுக்கு மின்னஞ்சலில்தான் அனுப்பும் என்பதால், ஜிமெயில் முகவரிக்குப் பதிலாக அவரவர் நிறுவன மின்னஞ்சலையே கொடுத்தேன். அப்படியும் ஓர் இணைப்பு ஸ்பேமில் கிடந்தது.

கடிதத்தைப் படிக்க 1974ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று மாணவருக்குத் தரும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். எழுதுபவர் மனம்விட்டு எழுதட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். அனுமதி கிடைத்த அன்று மேடத்தை அழைத்தபோதும், என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் குறிப்பேட்டை ஜூனியர்களுக்குக் காட்டலாமா என்று மட்டும் அவர் கேட்டார்.