நட்சத்திரம் போட்ட கட்டங்கள்

புதுச்சேரி, காரைக்கால் பக்கம் 'சொல்தா வீடு', அதாவது பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர் வீடு, என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். அப்படி ஒரு வீட்டுக்குத்தான் நான் மருமகளாகப் போனேன். என் வீட்டுக்காரரின் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் தந்தார்கள். தாத்தா எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று அவர் போட்ட கையெழுத்தால் காரைக்காலில் பிறந்து வளர்ந்த இவரும் பிரெஞ்சுக் குடிமகன். நான் விழுப்புரம். நீல நிற இந்திய பாஸ்போர்ட்.

கல்யாணமாகி எட்டு மாதத்தில் இவருக்கு ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் வேலை கிடைத்தது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். பிரெஞ்சுக் குடிமகன் என்பதால் அவருக்கு விசாவும் வேண்டியதில்லை, முன் அனுமதியும் வேண்டியதில்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் ஒரு ஏஜென்டிடம் போய் உட்கார்ந்தேன். ஏழு மாதம் வீணானது அந்த நாற்காலியில்தான்.

"ஜெர்மனி ஸ்பவுஸ் விசாதானே மேடம்? முதல்ல ஏ1 பாஸ் பண்ணுங்க. இன்ஷூரன்ஸ் நாங்களே போட்டுத் தர்றோம். ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், உங்க அப்பாவோட ஐடி ரிட்டர்ன்..." என்று பட்டியல் ஒரு பக்கத்துக்கு ஓடியது. என் கணவர் பிரெஞ்சுக்காரர் என்று சொன்னேன். "எந்த நாடா இருந்தா என்ன மேடம், போறது ஜெர்மனிக்குத்தானே" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஏ1 என்பது தொடக்க நிலை ஜெர்மன் மொழித் தேர்வு. அதற்காக ஜெர்மன் வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். மூன்று மாதம் 'இஷ் ஹைஸெ' என்று பெயரைச் சொல்லப் பழகினேன். பெயரைச் சொல்வதே எனக்குப் பெரிய வழக்காகப் போகிறது என்பது அப்போது தெரியாது.

உண்மை நிலவரத்தை இவர் அலுவலகத்தில் ஒரு இத்தாலியர் சொன்னாராம். அவர் மனைவி பிரேசில்காரர். "உன் மனைவி ஜெர்மன் சட்டத்துக்குக் கீழே வர மாட்டாள், ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்குக் கீழே வருவாள்" என்றிருக்கிறார். அன்று இரவு இருவரும் வீடியோ காலில் உட்கார்ந்து 2004ஆம் ஆண்டின் 38ஆம் எண் வழிகாட்டுச் சட்டத்தை வரிவரியாகப் படித்தோம். எழுத்து வறட்சியானதுதான். ஆனால் ஐந்தாம் பிரிவு வந்ததும் எழுந்து உட்கார்ந்தேன். ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தாருக்கு விசா வாங்க எல்லா வசதியும் செய்து தர வேண்டும், கட்டணம் வாங்கக் கூடாது, கூடிய விரைவில் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதுவரை விசா என்றால் கும்பிட்டு வாங்குவது என்று நினைத்திருந்தவள் நான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. குடிமகன் தன் சொந்த நாட்டில் இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக்குப் போய் வாழ்ந்தால்தான் பொருந்தும். இவர் பாரிஸில் இருந்திருந்தால் நான் பிரான்ஸின் உள்நாட்டுச் சட்டப்படி வேறு வரிசையில் நின்றிருப்பேன். கொலோனில் இருந்ததால் இந்த வரிசை. இதைவிட வேடிக்கை, ஜெர்மன்காரர் ஒருவர் இந்தியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தன் ஊருக்கே அழைத்துப் போக வேண்டுமென்றால், அந்தப் பெண் பொதுவாக ஏ1 தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். 2007இல் வந்த விதி அது. பிரெஞ்சுக்காரரைக் கட்டிக்கொண்டு அதே தெருவில் குடியேறும் எனக்குத் தேர்வு கிடையாது. உள்ளூர்க்காரருக்கு ஒரு நீதி, வெளியூர்க்காரருக்கு ஒரு நீதி என்பார்களே, இங்கே அது தலைகீழாக இருக்கிறது.

ஏஜென்ட் வாங்கித் தந்த இன்னொரு பொருளையும் சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணச் சான்றிதழின் பின்பக்கம் அப்போஸ்டில், அதாவது நம் சான்றிதழை வெளிநாட்டில் ஏற்க வைக்கும் முத்திரை, ஒட்டித் தந்தார். பெரிய தொகை. இந்த முத்திரைக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 2005இல் சேர்ந்தது உண்மைதான். ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் சொல்லிவிட்டதால், இரு நாடுகளுக்கும் நடுவே அந்த முத்திரை செல்லாது. இந்தியச் சான்றிதழ் சரியா என்று சந்தேகம் வந்தால் ஜெர்மன்காரர்கள் இங்கே ஆள் வைத்து விசாரிப்பார்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

எங்களைக் காப்பாற்றியது பிரெஞ்சுப் பதிவு. பிரெஞ்சுக் குடிமக்கள் வெளிநாட்டில் கல்யாணம் செய்வதற்கு முன்பே தங்கள் தூதரகத்தில் தகுதிச் சான்று வாங்க வேண்டும், பத்து நாள் அறிவிப்பும் போட வேண்டும். அதை மாமியார் முன்னால் நின்று செய்து முடித்திருந்தார். சொல்தா வீட்டு மாமியார்களுக்கு இந்தக் காகிதங்கள் ரேஷன் கார்டு மாதிரி. பிறகு இங்கே சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் நோட்டீஸ், மூன்று சாட்சிகள், பதிவு. அதற்கப்புறம் அந்தக் கல்யாணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அங்கேதான் நாங்கள் சோம்பிவிட்டோம். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று இவர் சொன்னதை அத்தை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

பதிவேட்டில் ஏற்ற நான்கு மாதம் பிடித்தது. காரணம் என் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து 'கிவன் நேம்' இடத்தில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் என் பெயர் மட்டும். கல்யாணச் சான்றிதழில் முன்னால் ஒரு எழுத்து, அதாவது இனிஷியல். மூன்று காகிதம், மூன்று பெண்கள். இந்த மூவரும் ஒருத்திதான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கினேன். அந்த இனிஷியல் அப்பாவின் பெயர், அது குடும்பப் பெயர் இல்லை, எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றே கிடையாது என்று கடிதம் எழுதினேன். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், கல்யாணப் பதிவுக்கு முன்பே பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி எல்லாக் காகிதத்திலும் பெயரை நேர் செய்துவிடுங்கள். பிறகு செய்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மாதம் போகும்.

பதிவு ஏறியதும் காட்சி மாறிவிட்டது. வெளிநாட்டில் நடந்த பிரெஞ்சுக் கல்யாணங்களின் நகல் பிரான்ஸின் நாந்த் நகரத்தில் இருக்கும் மையப் பதிவகத்தில் கிடைக்கும். இணையத்தில் கேட்டால் காசில்லாமல் அனுப்புகிறார்கள். பல மொழித் தலைப்புகளோடு ஒரு நகலும் உண்டு, மொழிபெயர்க்கவே தேவையில்லை. ஒன்றிய நாடு ஒன்று கொடுத்த கல்யாணப் பதிவுக்கு இன்னொரு ஒன்றிய நாடு முத்திரை கேட்கக் கூடாது என்று 2019 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. புதுச்சேரியில் நடந்த கல்யாணம், நாந்த் வழியாகச் சுற்றி வந்ததும் ஐரோப்பியக் கல்யாணமாகிவிட்டது.

விண்ணப்பம் போட்ட நாள் 2023 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. ஷெங்கன், அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. அதன் படிவத்தில் சில கட்டங்களுக்குப் பக்கத்தில் சின்னதாக நட்சத்திரம் போட்டிருப்பார்கள். என்ன வேலை, யாரிடம் வேலை, எங்கே தங்குவாய், செலவு யார் பொறுப்பு என்பவை எல்லாம் அந்தக் கட்டங்கள். ஒன்றியக் குடிமகனின் கணவனோ மனைவியோ அவற்றை நிரப்பத் தேவையில்லை என்று கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. நான் துணிந்து காலியாக விட்டேன். கை நடுங்கியது என்பதை மறைக்கவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் மார்க் போய்விடும் என்றுதானே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

கொண்டு போன காகிதங்கள் கொஞ்சம்தான். என் பாஸ்போர்ட், புகைப்படம், நாந்த் நகல், இவர் பாஸ்போர்ட்டின் நகல், அவர் கொலோனில் முகவரி பதிந்த சான்று, வேலை ஒப்பந்தம், "என் மனைவி என்னோடு வந்து சேர்கிறாள்" என்று அவர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இன்ஷூரன்ஸ் எங்கே என்று கேட்டார். ஐந்தாம் பிரிவை அச்செடுத்து வைத்திருந்தேன், ஆனால் அதை நீட்டவில்லை. "ஈயூ ஃபேமிலி மெம்பர் மேடம், எனக்கு அது தேவையில்லைன்னு போட்டிருக்கு" என்று மெதுவாகச் சொன்னேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "சரி, வேண்டாம்" என்றார். கைரேகை மட்டும் எல்லோருக்கும் போல எடுத்தார்கள். கட்டணம் பூஜ்யம். அப்போது ஷெங்கன் விசாவுக்கு 80 யூரோ. என் ரசீதில் சைபரைப் பார்த்ததும் வெளியே வந்து படம் எடுத்து இவருக்கு அனுப்பினேன்.

பன்னிரண்டாவது நாள் பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

சென்னை விமான நிலையத்தில் 'ரிட்டர்ன் டிக்கெட் எங்கே' என்ற கேள்வி வரும், தயாராக இருங்கள். கணவரின் பாஸ்போர்ட் நகலையும் நாந்த் நகலையும் கைப்பையில் வைத்திருந்தேன், பெட்டியில் போடவில்லை. பத்து நிமிடப் பேச்சில் முடிந்தது.

கொலோனில் இறங்கி இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர், அதாவது வீட்டு உரிமையாளர், கையெழுத்திட்ட தாள் ஒன்று அதற்கு வேண்டும். பிறகு வெளிநாட்டவர் அலுவலகத்தில் 'ஆஃபன்ட்ஹால்ட்ஸ்கார்ட்டெ' என்ற வசிப்பிட அட்டைக்குக் கொடுத்தோம். கணவர் வேலையில் இருக்கிறார் என்ற சான்றும் மருத்துவக் காப்பீடும் கேட்டார்கள். அவர் பொதுக் காப்பீட்டில் இருந்ததாலும் எனக்கு வருமானம் இல்லாததாலும் என்னை அதிலேயே காசில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். அட்டை வர ஆறு மாதம் வரை ஆகலாம், ஆனால் விண்ணப்பித்ததற்கான சான்று உடனே கிடைத்துவிடும். வேலை செய்யும் உரிமை அட்டை வந்த பிறகு பிறப்பதில்லை, முதல் நாளிலிருந்தே உண்டு. இது தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்குத் தாமதம் வந்தது தபால் பெட்டியால். அங்கே ஃபிளாட் எண் கிடையாது, பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால் போடுவார்கள். எங்கள் பெட்டியில் இவர் பெயர் மட்டும். என் பெயருக்கு வந்த அழைப்புக் கடிதம் திரும்பிப் போய்விட்டது. ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றே ஒரு வெள்ளைத் தாளில் என் பெயரையும் அப்பா பெயரையும் எழுதி ஒட்டினேன். மறுபடியும் பெயர்தான்.

நான்காவது மாதம் அட்டை வந்தது. அப்போது 37 யூரோ, ஐந்து வருடம் செல்லும்.

அந்த வாரம் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். ஈழத்து மக்கள் எழுப்பிய பெரிய கோயில், 2002இல் குடமுழுக்கு ஆனது. அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா பேச்சுக் கொடுத்தார். அவர் கணவர் ஜெர்மன் குடிமகன். "அப்ப நீங்கள் சோதனை எழுதேல்லையோ? நான் மூண்டு தரம் எழுதினனான்" என்றார். கோபம் இல்லை, ஆனால் ஒரு நொடி என்னையே பார்த்தார். நான் என்ன சொல்ல முடியும்? "நீங்க நல்லா ஜெர்மன் பேசுறீங்களேக்கா" என்றேன். அது உண்மையும்கூட. என் மூன்று மாத வகுப்பு ரொட்டிக் கடையைத் தாண்டவில்லை.

இப்போது இவருக்கு லியோனில் வேலை வந்திருக்கிறது. சொந்த நாட்டுக்குத் திரும்புகிறார், அப்படியென்றால் அந்தச் சட்டம் எனக்குப் போய்விடுமா என்று பயந்தேன். தேடியபோது 1992இல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு கிடைத்தது. சுரிந்தர் சிங் என்ற இந்தியர், பிரிட்டிஷ் மனைவி, இருவரும் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு பிரிட்டன் திரும்பியவர்கள். ஒன்றியத்தின் வேறொரு நாட்டில் வேலை செய்துவிட்டுச் சொந்த நாட்டுக்குத் திரும்பும் குடிமகனின் துணைக்கும் ஒன்றிய உரிமை தொடரும் என்றது நீதிமன்றம். நம்ம ஊர்க்காரர் ஒருவர் ஏற்கெனவே நடந்து வைத்த பாதை. நாந்த் பதிவகத்துக்குப் புது நகல் கேட்டு நேற்று எழுதிப் போட்டேன். கொலோன் முகவரிச் சான்று, இவருடைய சம்பளச் சீட்டுகள் எல்லாம் கோப்பில் ஏறியாகிவிட்டது. பெயர் எழுதி ஒட்ட ஒரு வெள்ளைத் தாளும் அதில் வைத்திருக்கிறேன்.