பதக்கத்தில் இருந்தது கொள்ளுத் தாத்தாவின் பெயர்

தாத்தா காலமாகிப் பதினேழு ஆண்டுகள் கழித்து, 2011இல், அவர் இரண்டாம் உலகப்போரில் பணியாற்றினார் என்பதற்குச் சான்று தேடும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து பர்மா முனையில் பாலமும் சாலையும் போட்டவர், போர் முடிந்ததும் 1946இல் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பதினைந்து ஆண்டுப் பணி நிறைவு செய்யாத சிப்பாய்க்கு ஓய்வூதியம் இல்லை என்பதால், போருக்கென்று சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதைப் பெறாமலேதான் ஊர் திரும்பினார்கள். அப்படிப்பட்டவர்களுக்கும், அவர்களுக்குப் பின் அவர்களுடைய மனைவியருக்கும் தமிழக அரசு மாதந்தோறும் நிதியுதவி தருகிறது என்று பக்கத்துத் தெருவில் இருந்த முன்னாள் ராணுவத்தினர் ஒருவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அப்போது பாட்டிக்கு வயது 84.

விண்ணப்பத்துக்கு முதலில் கேட்கப்பட்டது டிஸ்சார்ஜ் புத்தகம், அதாவது படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் பணிப் பதிவு. எங்கள் டிரங்குப் பெட்டியில் அதன் அட்டை மட்டுமே இருந்தது. உள்தாள்களைக் கரையான் தின்றிருந்தது. பழைய சுருக்குப்பை ஒன்றில் நான்கு பதக்கங்கள் கிடந்தன. அவற்றில் ஒன்று, பர்மா முனையில் பணியாற்றியவர்களுக்கு வழங்கப்பட்ட, ஆறு முனை கொண்ட பர்மா ஸ்டார். அதன் நாடாவில் நடுவே சிவப்பும், இருபுறமும் கருநீலமும், நீலத்துக்குள் மெல்லிய ஆரஞ்சுக் கோடும் மங்காமல் இருந்தன. அந்தப் போருக்கான பதக்கங்கள் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே வழங்கப்பட்டன. இந்திய வீரர்களுக்கு வழங்கப்பட்டவற்றில் படை எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டன. அந்த வழக்கம் இல்லாதிருந்தால் எங்கள் முயற்சி பெட்டியோடு முடிந்திருக்கும்.

ஸ்டாரின் பின்புறத்து எண்ணைக் கண்ணால் படித்து, பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் (சாப்பர்ஸ் படையின் அதிகாரப்பூர்வப் பெயர் இதுதான்) ஆவணப் பிரிவுக்குக் கடிதம் எழுதினேன். அந்த எண்ணில் அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்தது. பிழை என்னுடையது. சிறுவயதில் நாணயத்தின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதேபோல் பதக்கத்தின் மேல் தேய்த்துப் பார்த்தபோது, நான் 3 என்று எழுதியிருந்தது 8 என்று துலங்கியது.

அதைவிடப் பெரிய சிக்கல் பெயரில் இருந்தது. பதக்கத்தில் தாத்தாவின் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, அவருடைய அப்பாவின் பெயர் முழுமையாக இருந்தது. ஆள் சேர்த்த இடத்தில் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள் போலும். நம்மவர்களின் தலைப்பெழுத்து முறை ராணுவப் படிவத்தில் தலைகீழாகிவிட்டது. ஆக, வாழ்நாளில் வேலூரைத் தாண்டிப் போகாத என் கொள்ளுத் தாத்தாவுக்குத்தான் பர்மா ஸ்டார் வழங்கப்பட்டிருக்கிறது!

ரேஷன் அட்டையில் ஒரு பெயரும் பதக்கத்தில் வேறொரு பெயரும் இருந்ததால், இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, கிராம நிர்வாக அலுவலரின் விசாரணைக்குப் பின் வட்டாட்சியரிடம் சான்று பெற்றோம். அலைச்சலில் பாதி இதற்கே போயிற்று. இத்தகைய விண்ணப்பத்தில் இறங்குபவர்கள், எண்ணைச் சரிபார்த்த கையோடு பெயரையும் ஒப்பிட்டுவிடுவது நல்லது. நான் அதைக் கடைசியில் செய்து நான்கு மாதங்களை வீணாக்கினேன்.

சரியான எண்ணோடு எழுதிய இரண்டாம் கடிதத்துக்கு ஒரே ஒரு தாள் வந்தது. சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், உரிய பதக்கங்கள், சேரும்போது குறித்த உயரம், அங்க அடையாளம் ஆகியவை அதில் இருந்தன. விண்ணப்பத்துக்குத் தேவையானவை முதல் மூன்றும்தான் என்றாலும், பாட்டிக்கு முழுவதையும் தமிழில் படித்துக் காட்டினேன். தேதிகளுக்கெல்லாம் வெறுமனே தலையாட்டிக்கொண்டிருந்தவர், இடப் புருவத்தின் மேல் அரை அங்குலத் தழும்பு என்று படித்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பர்மாவுல பட்ட காயம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரே! சேரும்போதே இருந்துச்சா அது?"