3 மில்லிகிராமுக்குக் கீழே

வாணியம்பாடிப் பக்கம், தோல் சோதிக்கும் லேப் ஒன்றில் எனக்கு வேலை. தோல் பதனிடப் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம்; அதனால் பெரிய தொல்லை இல்லை. அது ஆறு இணைதிறனாக மாறினால்தான் வம்பு, உடம்பில் ஒவ்வாமை வரும். உடம்பில் படும் தோல் பொருளில் இந்த ஆறு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே ஐரோப்பாவில் விற்க முடியாது. 2015 மே முதல் இதுதான் சட்டம்.

தோலைப் பொடியாக வெட்டி, 2 கிராம் எடுத்து, பாஸ்பேட் கரைசலில் 3 மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, டைபினைல் கார்பசைடு என்ற வேதிப்பொருளை விட்டால், ஆறு இருக்கும் அளவுக்கு ஊதா நிறம் வரும். அதன் அடர்த்தியை 540 நானோமீட்டரில் அளப்போம். கேட்கச் சுலபம். ஆனால் கரைசல் அமிலப் பக்கம் சாய்ந்தால் ஆறு மூன்றாகிவிடும். காற்றுப் பட்டால் மூன்று ஆறாகலாம். அதற்காகவே காற்றை விரட்ட ஆர்கான் வாயு ஊதுகிறோம். அளக்கப் போகிற கையே அளவை மாற்றிவிடும்! சாயத்தோல் என்றால் சாயமும் கூடவே இறங்கி ஊதாவோடு கலந்துகொள்ளும்.

டேனரி பாய் ஒருவர் ரிப்போர்ட் வாங்க வந்தாலே கேட்பார்: “தம்பி, இருக்கா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு.”

“மூணு மில்லிகிராமுக்குக் கீழே பாய். சுத்தமா இல்லைன்னு சொல்ல முடியாது.”

“அப்புறம் மெஷின் எதுக்கு?”

நியாயமான கேள்விதான். இன்று தேறிய தோல், கன்டெய்னர் வெக்கையில் அதிலுள்ள எண்ணெய் கெட்டு, மூன்று ஆறாகி, கப்பல் இறங்கும்போது தேறாமல் போகலாம். என் எண் இந்தத் துண்டுக்கு, இந்த முறைக்கு, இந்த நாளுக்கு மட்டும்தான். ஆனால் வேறு லேபில் இதே முறையில் பார்த்தாலும் ஏறக்குறைய அதுவே வரவேண்டும். வராவிட்டால் என்னைக் கேள்வி கேட்கலாம். ஜோசியரிடம் இந்த வசதி கிடையாது.

இப்படிக் கேள்வி கேட்டுத் திருத்திய கதை ஒன்று பக்கத்திலேயே உண்டு. ஆலங்காயம் தாண்டி மலையேறினால், வானாய்வகம் இருக்கும் காவலூர். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பார்க்க அங்கே காத்திருந்தார்கள். கோள் வருவதற்கு முன்பே வெளிச்சம் சில நொடி மங்கியது. அங்கே பார்த்த விஞ்ஞானிகள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதைப் புதிய துணைக்கோள் என்று எழுதினார்கள். மற்ற இடங்களின் பதிவுகளோடு வைத்துப் பார்த்ததில் அது வளையம் என்றானது. துணைக்கோள் போய்விட்டது, வெளிச்சம் மங்கியது பொய்யாகவில்லை. முழு உண்மை கைக்கு வந்ததா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை. முன்பைவிடக் கிட்டே வந்தார்கள், அவ்வளவுதான். அதைக் குறைவாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

பாயிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. 80 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைத்துவிட்டுச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு, கப்பல் வெக்கைக்குப் பதிலாக. அதை மட்டும் சொன்னேன். இப்போது தோல் கொடுக்கும்போதே “சூட்டுல வெச்சும் ஒரு தடவை பாத்துடு தம்பி” என்கிறார். பில்லைப் பார்த்ததும் முணுமுணுப்பார், அது வேறு.