டெஸராக்ட் நிறுவிப் பார்த்தேன்: மூன்று வார நோட்டுக் குறிப்புகள்

என்னிடம் பழைய அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்த படங்கள் சுமார் 200 இருக்கின்றன. அவற்றில் ஒரு சொல்லைத் தேடவேண்டுமானால் பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் தேடவேண்டும். படத்தை எழுத்தாக மாற்றிவிட்டால் நொடியில் தேடலாம், திருத்தலாம், கேட்கிறவருக்கு அனுப்பலாம். அதற்காகத்தான் டெஸராக்ட் என்ற எழுத்துணரியை நிறுவ உட்கார்ந்தேன். ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை மூன்று வாரம் இழுத்துவிட்டது. எங்கெங்கே தடுக்கி நின்றேன் என்பதை அன்றன்றே நோட்டில் எழுதிக்கொண்டேன். இது அந்த நோட்டிலிருந்து.

டெஸராக்ட் இன்று நேற்று வந்ததல்ல. ஹெச்பி நிறுவனத்தில் 1985-ல் தொடங்கி 1994 வரை உருவானது. 2005-ல் அதன் மூலநிரலை, அதாவது அதை உருவாக்க எழுதிய நிரல் வரிகளை, எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2006 முதல் 2018 வரை கூகுள் அதை வளர்த்தது. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளைப் படிக்கும். தமிழும் அதில் உண்டு. இத்தனை பேருடைய இத்தனை வருட உழைப்பு காசில்லாமல் நம் கைக்கு வருகிறது. அதனால்தான், இதைத் தேடி வருகிறவர்கள் உள்ளே நுழையாமல் வாசலோடு திரும்பிப் போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

முதல் நாள். என்னுடையது விண்டோஸ் கணினி. திட்டத்தின் பக்கத்துக்குப் போனால் கோப்புகளின் பட்டியல்தான் நீளமாக வருகிறது. நான் தேடியதோ 'டவுன்லோட்' என்று பெரிதாக ஒரு பொத்தானை. மூலநிரல் வேறு, நிறுவி வேறு என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் விளங்கியது. மூலநிரல் என்பது தைக்காத துணி. அதை நம் கணினிக்கு ஏற்றபடி யாராவது தைத்துத் தரவேண்டும். டெஸராக்டுக்கு விண்டோஸ் நிறுவியை ஜெர்மனியின் மன்ஹைம் பல்கலைக்கழக நூலகம் தயாரித்துத் தருகிறது. நல்ல காரியம். அதை இறக்கி, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்தி முடித்தேன்.

முடித்த பிறகு எதைத் திறப்பது என்று தெரியவில்லை. டெஸராக்டுக்கென்று ஒரு ஜன்னல் கிடையாது, பொத்தான்கள் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை எழுதித்தான் அதை வேலை வாங்கமுடியும். அறிமுகப் பக்கத்தில் 'ஜியுஐ இல்லை' என்று ஒரு வரி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஜியுஐ என்றால் ஜன்னலும் பொத்தான்களும் உள்ள முகப்பு என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தானே அந்த வரி உதவும்?

சரி, கறுப்புத் திரையைத் திறந்து 'டெஸராக்ட்' என்று அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது விண்டோஸ். நிறுவியது சரியில்லை போலிருக்கிறது என்று நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். இரண்டு முறை. உண்மையில் நிறுவல் முதல் தடவையே சரியாகத்தான் நடந்திருந்தது. நாம் ஒரு கட்டளையின் பெயரைச் சொன்னால், 'பாத்' என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் மட்டும்தான் விண்டோஸ் அதைத் தேடும். டெஸராக்டின் ஃபோல்டர் அந்தப் பட்டியலில் இல்லை. அதைச் சேர்த்த பிறகும் அதே பதில். ஏற்கெனவே திறந்திருந்த கறுப்புத் திரை பழைய பட்டியலையே வைத்துக்கொண்டிருக்கும். அதை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கவேண்டும். இந்த ஒரு வரிக்கு எனக்கு ஒரு மாலை போனது.

இரண்டாம் நாள் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன். ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் கலந்து குப்பையாக வந்தது. மொழியைச் சொல்லாவிட்டால் ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்ளும். கட்டளையின் கடைசியில் தமிழுக்கான மூன்றெழுத்துக் குறியைச் சேர்த்தேன். அப்போது வந்த பிழைச்செய்தியை நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அதன் பொருள் இது: தமிழுக்கான தரவுக் கோப்பைத் திறக்க முடியவில்லை, டெஸ்டேட்டா ப்ரிஃபிக்ஸ் என்ற சூழல் மாறி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், தமிழை ஏற்ற முடியவில்லை.

இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டு சூழல் மாறியின் பின்னால் ஓடினேன். நிரல்கள் எடுத்துப் பார்த்துக்கொள்ள விண்டோஸ் வைத்திருக்கும் ஒரு குறிப்புதான் அது. அப்படியென்றால் என்ன, எங்கே மாற்றுவது, கோடு இப்படிச் சாய்ந்திருக்கவேண்டுமா அப்படியா என்று இரண்டு நாள் படித்தேன். விடையோ முதல் வரியிலேயே இருந்தது. கோப்பு அங்கே இல்லை, அவ்வளவுதான். நிறுவும்போது கூடுதல் மொழிகள் என்ற பெட்டியை விரித்து அதில் தமிழை டிக் செய்திருக்கவேண்டும். நான் செய்யவில்லை. செய்தியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்த வரி எனக்கானது, எந்த வரி வேறு நிலைமையில் இருப்பவருக்கானது என்று பிரித்துப் பார்க்கப் பழக்கம் வேண்டும். புதிதாக வருகிறவர், தனக்குப் புரியாத சொல்லில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் தமிழ்க் கோப்பை மட்டும் தனியாக இறக்கி, மொழிக் கோப்புகள் இருக்கும் டெஸ்டேட்டா ஃபோல்டரில் போட்டேன். மறுபடியும் அதே வரிகள். இங்கேதான் உண்மையாகவே கை ஓய்ந்துவிட்டது.

சரி, யாரையாவது கேட்போம் என்று ஓர் உதவிக் குழுவில் எழுதினேன். 'தமிழ் வேலை செய்யவில்லை, உதவுங்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கூடவே கைபேசியில் எடுத்த திரையின் படம். ராத்திரி எழுதியதற்குக் காலையில்தான் பதில் வந்தது. என்ன கட்டளை கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது, எழுத்தாகவே ஒட்டுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குள் நான் பொறுமையில்லாமல் எல்லாவற்றையும் நீக்கியிருந்தேன். அவருக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. அவருக்குக் கீழே இன்னொருவர், இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது, முதலில் அதைப் படியுங்கள் என்று எழுதியிருந்தார்.

படித்துவிட்டுத்தான் கேட்டிருந்தேன். அவரும் சம்பளம் வாங்காமல், தன் ஓய்வு நேரத்தில், இதே கேள்விக்கு எத்தனையாவது முறையாகவோ பதில் சொல்கிறவர். அது எனக்கு இப்போது தெரிகிறது. ஆனாலும் அந்த ஒரு வரி செய்த வேலையைச் சொல்லாமல் விடமுடியாது. மடிக்கணினியை மூடியவன் நான்கு நாள் அதைத் திறக்கவில்லை. இப்படி மூடிவிட்டுத் திரும்பி வராதவர்கள் எத்தனை பேர் என்பது யார் கணக்கிலும் வராது, ஏனென்றால் அவர்கள் சத்தம் போடாமல் போய்விடுகிறார்கள்.

நிரல்களைச் சேமித்துப் பகிர்ந்துகொள்ளும் தளமான கிட்ஹப், மூலநிரலைத் திறந்துவைக்கும் திறமூல மென்பொருள்களைப் பற்றி 2017-ல் நடத்திய ஆய்வில், பதில் சொன்னவர்களில் 93 சதவீதம் பேர் ஆவணங்கள் அரைகுறையாகவோ பழசாகவோ இருப்பதைப் பிரச்சினையாகச் சொன்னார்கள். அதே ஆய்வில், பங்களிப்பவர்களில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேருக்கு ஆங்கிலம் மிக நன்றாக வராது என்றும் தெரிந்தது. உள்ளே வந்து வேலை செய்கிறவர்களிடமே நிலைமை இப்படி என்றால், வாசலில் நிற்பவரைப் பற்றி என்ன சொல்ல?

அந்த நான்கு நாள் கழித்து, நீக்கியதையெல்லாம் முன்புபோலவே நிறுவிவிட்டு, குழுவில் மறுபடி எழுதினேன். இந்த முறை உட்கார்ந்து யோசித்து எழுதினேன். விண்டோஸ் எந்தப் பதிப்பு, டெஸராக்ட் எந்தப் பதிப்பு, கொடுத்த கட்டளை எழுத்துப் பிசகாமல், வந்த பதில் முழுவதும், அதுவரை நான் செய்து பார்த்தவை. கறுப்புத் திரையில் இருப்பதை மவுஸால் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் காப்பி ஆகிவிடும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முதலில் பதில் சொன்ன அதே நபர் வந்தார். மொழிப் பட்டியலைக் காட்டச் சொல்லி ஒரு கட்டளை தந்தார். பட்டியலில் தமிழ் இருந்தது. அடுத்து ஒரே கேள்வி: அந்தக் கோப்பு எத்தனை கேபி?

பார்த்தேன். எம்பி கணக்கில் இருக்கவேண்டிய கோப்பு, கேபி கணக்கில் இருந்தது. நோட்பேடில் திறந்தால் முதல் வரியிலேயே ஹெச்டிஎம்எல் என்று இருக்கிறது. இணைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து சேமித்ததால், தரவுக் கோப்புக்குப் பதிலாக அதைக் காட்டும் வலைப்பக்கம் அதே பெயரில் வந்து உட்கார்ந்திருந்தது. பெயர் சரி, இடம் சரி, உள்ளே சரக்கு வேறு. அந்தப் பக்கத்துக்குள் போய் டவுன்லோட் பொத்தானை அழுத்தி எடுத்ததும் வேலை முடிந்தது. அவர் கேட்ட இரண்டு கேள்விகளையும் நோட்டில் பெட்டி போட்டு வைத்திருக்கிறேன். என்னைக் குறை சொல்லாமல் கோப்பைப் பற்றி மட்டும் கேட்டாரே, அதற்காகவே அவருக்கு நீளமாக நன்றி எழுதினேன்.

மீதிச் சின்னத் தடைகளையும் சொல்லிவிடுகிறேன். பிடிஎஃப்பை டெஸராக்ட் நேரடியாக வாங்கிக்கொள்ளாது, படமாக மாற்றித் தரவேண்டும். வெளியீட்டுக் கோப்பின் பெயரில் டாட் டெக்ஸ்ட் சேர்க்கக்கூடாது, அதுவே சேர்த்துக்கொள்ளும். நாமும் சேர்த்தால் இரண்டு முறை வரும். 300 டிபிஐ-க்கு (ஸ்கேன் எவ்வளவு நுணுக்கமானது என்று சொல்லும் அளவு) குறைந்த ஸ்கேன்களில் எழுத்தின் மேலுள்ள புள்ளிகள் காணாமல் போகின்றன. பிழைச்செய்தியைத் தேடும்போது நம் பெயரும் ஃபோல்டர் பெயரும் வரும் பகுதியை வெட்டிவிட்டு, மீதியை ஆங்கிலத்தில் இருப்பதுபோலவே தேடவேண்டும்.

முதல் பக்கம் தமிழில் வந்தபோது எழுந்து நின்று படித்தேன். ரகரம் சில இடங்களில் காலாக மாறியிருந்தது. இருந்தாலும் வரிக்கு வரி படிக்கமுடிந்தது.

பிறகு என் நோட்டிலிருந்து, தமிழில், ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு வழிகாட்டி எழுதினேன். இதில் எவரும் தடுக்கி விழமாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு சித்தி மகளிடம் அனுப்பினேன். அவளும் சில பக்கங்களை மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"அண்ணா, 'பின்வருமாறு அடிக்கவும்'னு போட்டிருக்கீங்க. எங்க அடிக்கணும்?"

எடுத்துப் பார்த்தேன். கறுப்புத் திரையை எப்படித் திறப்பது என்று நான் எழுதவே இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் எனக்கே தெரியாத விஷயம் அது.

"ஸ்டார்ட்டை அழுத்தி, சிஎம்டின்னு அடிம்மா" என்றேன். "அதை நானே முதல் வரியா சேர்த்துடவா?" என்று கேட்டாள். சேர்த்துவிட்டாள். இப்போது வழிகாட்டி அவளிடம்தான் இருக்கிறது; நிற்கும் இடத்திலெல்லாம் ஒரு வரி கூட்டிக்கொண்டு போகிறாள். நேற்று வரை ஏழு வரி சேர்ந்திருக்கிறது. பாத் பகுதியை இன்னும் தாண்டவில்லை.