கட்டைவிரல் பழகும் காலம்

7 ஏப்ரல் 2024, ஞாயிறு

பறக்கவிடப் பழகுவதற்கான ட்ரெய்னர் பிளேன் ஒட்டி முடித்தாகிவிட்டது. எடை குறைந்த பால்சா மரத்தில் உடம்பு, மேல் றெக்கை, அகலம் 1.2 மீட்டர். இப்போதைக்கு அது பீரோவுக்கு மேலேயே இருக்கட்டும். திருச்சியில் இருபது வருஷமாக ரிமோட்டில் ஓட்டும் ஆர்சி பிளேன் விடும் அண்ணன் ஒருவர் போனில் சொல்லிவிட்டார்: "தம்பி, முதல்ல கம்ப்யூட்டர்ல ஓட்டு. எட்டு போடுறது ஒழுங்கா வந்த பிறகு பிளேனைத் தூக்கிட்டு வா, நான் புதுக்கோட்டைக்கே வர்றேன்."

லேப்டாப் பழசு, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதனால் பிகாசிம் என்ற சிமுலேட்டரை, அதாவது திரையில் பிளேன் ஓட்டிப் பழகும் மென்பொருளை, போட்டிருக்கிறேன். இலவசம், பழைய மெஷினிலும் திணறாமல் ஓடுகிறது. ரியல்ஃப்ளைட், ஏரோஃப்ளை ஆர்சி எல்லாம் காசு கொடுத்து வாங்குபவை. பார்வைக்கு இன்னும் நன்றாக இருக்கும். எனக்கு இப்போது வேண்டியது விரலுக்கு வேலை.

கீபோர்டிலும் கேம்பேடிலும் ஓட்டவே கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். நாளைக்கு மைதானத்தில் கையில் பிடிக்கப்போகும் அதே ரிமோட், ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 ட்ரான்ஸ்மிட்டர்தான் இங்கேயும். பின்பக்கம் இருக்கும் ட்ரெய்னர் போர்ட்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு யூஎஸ்பி கேபிள், அவ்வளவுதான். கேம்பேடில் குச்சி குட்டை. விரலை எடுத்தால் நடுவுக்கு வந்துவிடும். ட்ரான்ஸ்மிட்டரில் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் ஸ்டிக் வைத்த இடத்தில் நிற்கும். விரலுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது.

எந்த ஸ்டிக்கில் எது என்ற அமைப்பில் மோட் 2 வைத்திருக்கிறேன். இடது கையில் த்ராட்டிலும், மூக்கை இடம் வலம் திருப்பும் ரட்டரும்; வலது கையில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும், றெக்கையைச் சாய்க்கும் எய்லரானும். மோட் 1 என்றால் த்ராட்டில் வலது கைக்குப் போய்விடும். ஒன்றில் ஊறிய விரலை இன்னொன்றுக்கு மாற்றுவது பெரும்பாடு என்பதால், கற்றுத்தரப்போகிறவர் எந்த மோடோ அதையே எடுத்துக்கொள்வது நல்லது.

14 ஏப்ரல், ஞாயிறு

வருஷப்பிறப்பு. வீட்டில் ஆட்கள். ராத்திரி கொஞ்ச நேரம்தான் உட்கார முடிந்தது. ட்ரான்ஸ்மிட்டரில் சிமுலேட்டருக்கென்று தனியாக ஒரு மாடல் (செட்டிங் தொகுப்பு) போட்டேன்: மிக்ஸிங் (ஒரு ஸ்டிக்கோடு இன்னொரு பாகத்தையும் அசைப்பது) எதுவும் இல்லை, எக்ஸ்போ (நடுவில் ஸ்டிக்கை மந்தமாக்குவது) பூஜ்யம், ட்ரிம் (பிளேனை நேராகப் போக வைக்கும் சின்னத் திருத்தம்) எல்லாம் நடுவில். ஸ்டிக்கின் அசைவு எவ்வளவு என்று சிமுலேட்டருக்குக் காட்டும் கேலிபரேஷனும் அதை வைத்துத்தான். நிஜ பிளேனின் மாடலையே இங்கே கொண்டுவந்தால் அதில் இருக்கும் ட்ரிம்மும், அசைவின் திசையை மாற்றும் ரிவர்ஸும் சேர்ந்து வந்து குழப்பும்.

28 ஏப்ரல், ஞாயிறு

இந்தப் பழக்கத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று இந்த இரண்டு வாரத்தில் புரிந்துவிட்டது. பிளேன் என்னை விட்டு விலகிப் போகும்வரை ஒரு சிக்கலும் இல்லை. திரும்பி முகம் காட்டி வரும்போதுதான் எல்லாம் தலைகீழ். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் பிளேன் தன் வலப்பக்கம் சாய்கிறது. தரையில் நிற்கும் எனக்கு அது இடப்பக்கம். விமானத்துக்குள் உட்கார்ந்து ஓட்டுகிற பைலட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வெளியே நின்று ஓட்டுகிறவனுக்கு மட்டுமே உரியது இது. முழு விமானம் ஓட்டத் தெரிந்தவர்களும் ஆர்சி பிளேனைத் தனியாகப் பழகியே ஆகவேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

அண்ணன் ஒரே வரியில் வழி சொன்னார்: "உன்னைப் பாத்து வரும்போது எந்தப் பக்க றெக்கை தாழுதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளு. தாழ்ந்த றெக்கைக்கு முட்டுக் கொடுக்கிறேன்னு நினைச்சுக்கோ." இடது வலது என்று யோசிக்க நேரம் கிடையாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பிளேன் ஒரு நொடியில் 11 மீட்டர் போய்விடும். மூளை கணக்குப் போட்டு விரலுக்குச் சொல்வதற்குள் தரை வந்துவிடும். விரலே நேராகக் கண்ணோடு பேச வேண்டும். அந்தப் பேச்சைப் பழக்குவதுதான் சிமுலேட்டரின் முதல் வேலை, முக்கால்வாசி வேலையும் அதுதான் என்பேன்.

அதற்குத்தான் எட்டு. ஆர்டிஓ ஆபீஸில் பைக்குக்கு எட்டு போடச் சொல்வது போலத்தான் இதுவும்: இடது திருப்பம் மட்டும் நன்றாக வருகிறவனை உடனே காட்டிக்கொடுத்துவிடும். வெறும் வட்டம் அடித்துக்கொண்டிருந்தால் ஒரு பக்கத் திருப்பம் மட்டும் கைவரும், மறுபக்கம் அப்படியே நிற்கும். எட்டின் நடுப்புள்ளி எனக்கு நேர் எதிரே இருக்க வேண்டும், உயரம் மாறக்கூடாது. முதலில் திருப்பங்கள் எல்லாம் என்னை விட்டு விலகும் பக்கம். அது கைவந்த பிறகு என்னை நோக்கி.

எனக்கு நானே போட்டிருக்கும் விதி ஒன்று உண்டு. பிளேன் விழுந்தால் உடனே ரீசெட் கிடையாது. ஸ்டிக்கை விட்டுவிட்டு, கடைசியாக எந்த றெக்கை தாழ்ந்தது, விரல் எந்தப் பக்கம் போனது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே அடுத்த டேக்ஆஃப். சிமுலேட்டரின் பெரிய வரம் ரீசெட் பட்டன்; பெரிய கேடும் அதுவே. விழுந்தாலும் ஒன்றும் குடிமுழுகாது என்ற எண்ணம் விரலில் ஏறிவிட்டால் மைதானத்தில் அதை இறக்க முடியாது.

5 மே, ஞாயிறு

பிளேன் கொஞ்சம் தள்ளிப் போனாலே எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்றே தெரியவில்லை. கண் கோளாறா என்று பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.2 மீட்டர் றெக்கை 100 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 0.7 டிகிரிதான். என் திரையில் அகலவாக்கில் 1,920 புள்ளிகள். அதில் 60 டிகிரி காட்சி விரிகிறது என்றால் ஒரு டிகிரிக்கு 32 புள்ளி. ஆக மொத்த றெக்கையும் 22 புள்ளிக்குள் அடங்கிவிடுகிறது! நல்ல கண் அதைப் போல இரண்டு மடங்கு நுணுக்கம் பார்க்கும்.

ஆட்டோ ஜூம் போட்டால் பிளேன் பெரிதாகத் தெரியும், ஆனால் தூரம் பற்றிய உணர்வு அழிந்துவிடும். அதனால் ஜூமை நிறுத்திவிட்டு, பிளேனைக் கிட்டத்திலேயே வைத்து ஓட்டுகிறேன். மைதானத்திலும் அதுதானே நல்ல பழக்கம்.

12 மே, ஞாயிறு

இறக்கம். சிமுலேட்டரில் இதைப் பலர் அவசரமாகக் கடந்துவிட்டு லூப், ரோல் என்று வித்தைகளுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில்தான் ருசி.

எலிவேட்டர்தான் பிளேனை ஏற்றும் என்று கை நினைக்கிறது. உண்மையில் இறங்கும்போது எலிவேட்டர் வேகத்துக்கு, த்ராட்டில் உயரத்துக்கு. தாழ்வாக வருகிறோம் என்று மூக்கை மட்டும் தூக்கினால் வேகம் செத்து, ஒரு றெக்கை சட்டென்று சரிந்து பிளேன் கீழே போகும். அதுதான் ஸ்டால். காற்று றெக்கையைச் சந்திக்கும் கோணம் அளவுக்கு மீறிவிட்டால் எந்த வேகத்திலும் இது நடக்கும். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்துத் திருப்பினால் றெக்கையின் பாரம் இரண்டு மடங்கு, ஸ்டால் வேகம் 1.4 மடங்கு. நேராகப் போகும்போது 25 கிலோமீட்டரில் விழுகிற பிளேன் அந்தத் திருப்பத்தில் 35-லேயே விழுந்துவிடும். ஓடுபாதைக்குத் திரும்பும் கடைசித் திருப்பம் ஏன் இத்தனை பிளேன்களைக் காவு வாங்குகிறது என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது.

அப்புறம், மோட்டாரை நிறுத்திவிட்டு இறக்குவது. எட்டு போட்டுக்கொண்டிருக்கும்போதே எங்கிருந்தாவது த்ராட்டிலை அடியோடு இறக்கிவிட வேண்டும். அங்கிருந்து ஓடுபாதை எட்டுமா, எட்டாதென்றால் எந்த இடம்? இரண்டு நொடிக்குள் முடிவு. நிஜ பிளேனில் வேண்டுமென்றே இத்தனை தடவை செய்ய யாருக்கும் மனசு வராது. சிமுலேட்டருக்கு நிகரே இல்லாத இடம் இது.

19 மே, ஞாயிறு

தரையில் உட்கார்ந்து பறக்கப் பழகும் யோசனைக்குச் சுவையான பூர்வீகம் உண்டு. அமெரிக்காவின் பிங்காம்டன் ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பத்துக்கு ஆர்கன் வாத்தியம் செய்யும் தொழில். ஆர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்திகளையும் பம்புகளையும் வைத்தே 1929-ல் அவர் ஆடிச் சாயும் ஒரு பயிற்சிப் பெட்டியைச் செய்தார். ஆரம்பத்தில் கேளிக்கைப் பூங்காக்காரர்கள்தான் ஆர்வமாக வாங்கினார்கள். 1934-ல் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பு ராணுவத்துக்கு வந்து, மோசமான வானிலையில் பைலட்டுகள் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் ராணுவம் அதை வாங்கியது. உயிர் போன பிறகுதான் பயிற்சியின் அருமை தெரிகிறது என்பது வருத்தமான விஷயம்.

சட்டத்தையும் ஒரு தடவை பார்த்து வைத்தேன். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கவிடலாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி. பொழுதுபோக்குக்கு ஓட்டும் மாடல்கள் கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குள் இருக்க வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில், நாங்கள் பறக்கவிடப்போகும் கண்மாய் பச்சைதான்.

9 ஜூன், ஞாயிறு

அண்ணன் வந்துவிட்டார். காலை ஆறு மணிக்குக் கண்மாய். தண்ணீர் வற்றிப் பொட்டலாகக் கிடக்கிறது, கரையோரம் சீமைக்கருவேலம்.

பறப்பதற்கு முன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தரையிலேயே போனது. இதில் ஒன்றைக்கூடச் சிமுலேட்டர் கேட்பதில்லை. றெக்கையின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரையிலான தூரத்தில் கால் பங்கு தள்ளி இரண்டு விரல்களால் தூக்கிப் பார்த்தார். மூக்கு ஒரு சொட்டுத் தாழ்ந்து நின்றது, நல்லது. பேட்டரியைப் பின்னால் தள்ளி வால் கனத்தால் பிளேன் கைக்கு அடங்காது. பிறகு பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளி, வலது எய்லரான் மேலே எழும்புகிறதா என்று பார்த்தோம். தள்ளி நின்றாலும் சிக்னல் எட்டுகிறதா என்று ரேஞ்ச் செக். ட்ரான்ஸ்மிட்டரை ஆன் செய்த பிறகே பேட்டரியைச் செருகுவது. ப்ரொப்பெல்லருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

இரண்டு ட்ரான்ஸ்மிட்டரையும் ட்ரெய்னர் கேபிளால் இணைத்தார். அவர் சுவிட்சைப் பிடித்திருக்கும்வரை பிளேன் என் கையில். விட்டால் அவர் கைக்குப் போய்விடும். ஏற்றியது அவர். நல்ல உயரத்துக்குப் போன பிறகு, "இந்தா, உனக்கு" என்றார்.

முகம் காட்டி வந்த பிளேனின் றெக்கை தாழ்ந்தபோது விரல் தானாக அந்தப் பக்கம் போனது. யோசிக்கவே இல்லை. அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை ராத்திரிகள் திரை முன்னால் உட்கார்ந்தது. மனசு நிறைந்துவிட்டது.

சிமுலேட்டர் தராததும் உடனே தெரிந்தது. தூரம். பிளேன் கருவேல மரத்துக்கு மேலே தெரிகிறது. மரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? திரையில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. அண்ணன் சட்டென்று தன் கைக்கு வாங்கி, தாழ்த்தி, மரத்துக்கு முன்னால் ஒரு தடவை குறுக்காக ஓட்டிக் காட்டினார். "மரத்தை மறைச்சுதா? அப்ப முன்னால இருக்கு. இந்த அளவை மனசுல வச்சுக்கோ." பிறகு வெயில். சூரியன் பக்கம் போனால் பிளேன் வெறும் கறுப்பு உருவம்தான், மேல்புறம் கீழ்புறம் தெரியாது. றெக்கையின் அடியில் அகலமாகச் சிவப்புப் பட்டை ஒட்டப்போகிறேன்.

21 ஜூலை, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது, காற்று நிற்கவில்லை. மைதானத்துக்குப் போகாமல் காற்றையே சிமுலேட்டருக்குக் கொண்டுவந்தேன்: 20 கிலோமீட்டர், கொஞ்சம் குலுக்கலோடு.

காற்றோடு சேர்ந்து திரும்பும்போது பிளேன் விழும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பிளேனுக்குக் காற்று அடிப்பதே தெரியாது. அது காற்றுக்குள் 40 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே 40. மாறுவது நாம் தரையிலிருந்து பார்க்கும் வேகம்: எதிர்காற்றில் 20, பின்காற்றில் 60. கண் 60-ஐப் பார்த்து மிரண்டு, விரல் த்ராட்டிலைக் குறைத்து மூக்கைத் தூக்கிவிடுகிறது. அங்கேதான் ஸ்டால். எதிர்காற்றிலும் பின்காற்றிலும் த்ராட்டில் ஸ்டிக்கை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு எட்டு போடுவதே இந்த மாதப் பயிற்சி. காற்று எட்டைத் தள்ளிக்கொண்டு போகும். பின்காற்றுப் பக்கம் திருப்பத்தை இறுக்கி, எதிர்ப்பக்கம் தளர்த்தினால் நடுப்புள்ளி எனக்கு எதிரேயே நிற்கிறது.

4 ஆகஸ்ட், ஞாயிறு

விடிகாலையில் காற்று ஓய்ந்திருந்தது. அண்ணன் கேபிளைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டார். டேக்ஆஃப் முதல் இறக்கம் வரை என் கையில். சிவப்புப் பட்டை வெயிலுக்கு எதிரிலும் தெளிவாகத் தெரிந்தது. இறக்கத்தில், நினைத்ததைவிட நீளமாக மிதந்துகொண்டு போனது. தரைக்கு நெருக்கத்தில் றெக்கைக்குக் கிடைக்கும் கூடுதல் மிதப்பு சிமுலேட்டரில் இந்த அளவுக்குத் தெரிந்ததில்லை. பொட்டலுக்கு நீளம் இருந்ததால் பாதகமில்லை.

பேட்டரி செல்லுக்கு 3.75 வோல்ட் மிச்சம். நான்கு நாளைக்குப் பறக்க முடியாது என்பதால் 3.8 வோல்ட்டுக்கு ஏற்றிப் பத்திரப்படுத்தியாயிற்று. அடுத்து குறுக்குக்காற்றில் இறக்குவது, எய்லரானோடு ரட்டரையும் சேர்த்து. அது முதலில் சிமுலேட்டரில்தான். இன்று ராத்திரியே தொடங்குகிறேன்.