ஸ்டாண்டி ஸ்ப்ரிங்: ஐந்தாவது தடவைதான் சுருண்டது

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஸ்டாண்டியின் (பெட்டிக்குள் சுருண்டிருக்கும் பேனரை மேலே இழுத்து நிறுத்தும் தாங்கி) பேனர் ஆறடியும் வெளியே வந்தது; விட்டதும் மறுபடி முழுசாக உள்ளே போனது. மூன்று ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பிளாஸ்திரி, வீட்டில் வாங்கிய திட்டு, எல்லாம் இதற்காகத்தான்.

ஒரு கண்காட்சி முடிந்ததும் குப்பையில் வீசியிருந்த ஸ்டாண்டி இது. பெட்டி, கம்பம், பேனர் சுற்றிக்கொள்ளும் குழாய் எல்லாம் நன்றாக இருந்தன. குழாய்க்குள் இருந்து பேனரை உள்ளே இழுக்கும் ஸ்ப்ரிங்கின் கொக்கி மட்டும் ஒடிந்திருந்தது. நுனியை மட்டும் கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சிப் புதுக் கொக்கி வளைத்தேன். காய்ச்சாமல் வளைத்தால் பட்டென்று ஒடியும். ஒரு வளையம் அப்படித்தான் போனது.

பேனரை இழுக்கும் முன்பே ஸ்ப்ரிங்குக்கு முன்முறுக்கு எட்டுச் சுற்று கொடுத்து, பின்னைப் போட்டுப் பூட்டினேன். பேனரை இழுத்தால் ஒரு சாண் வருகிறது, அதோடு இறுகிக்கொள்கிறது. திசை மாற்றி முறுக்கிவிட்டேனோ என்று பார்த்தால் இல்லை, வளையம் சுருங்கும் பக்கம்தான் முறுக்கியிருக்கிறேன். எண்ணெய் விட்டேன், பயனில்லை. நான்காம் தடவை அடம்பிடித்து இழுத்ததில் குழாய்க்குள் ஸ்ப்ரிங்கின் நுனியைப் பிடித்திருந்த நைலான் புஷ்ஷின் (உருளைத் துண்டு) ரிவெட் பிய்த்துக்கொண்டது. விர்ரென்று ஸ்ப்ரிங் அவிழ்ந்த வேகத்தில் விரல் முட்டியில் தோல் போய்விட்டது.

அப்புறம்தான் ஸ்ப்ரிங்கை மேசைமேல் கம்பியில் மாட்டி, நுனி இருந்த இடத்தில் மார்க்கர் வைத்துக் கையால் முறுக்கிப் பார்த்தேன். பத்துச் சுற்றில் நுனி 12 மி.மீ நகர்ந்திருந்தது! ஒரு சுற்று முறுக்கினால் ஒரு வளையம் கூடுகிறது. ஒரு வளையம் கூடினால் ஸ்ப்ரிங் ஒரு கம்பிக் கனம் நீள்கிறது. என் கம்பி 1.2 மி.மீ. குழாயின் விட்டம் 32 மி.மீ, அதாவது ஒரு சுற்றுக்குச் சுமார் 10 செ.மீ பேனர். ஆறடிக்குப் பதினெட்டுச் சுற்று, முன்முறுக்கு எட்டு, ஆக இருபத்தாறு. 31 மி.மீ நீள வேண்டிய ஸ்ப்ரிங்குக்கு, ஆட்டம் இருக்கக் கூடாதென்று நான் விட்டிருந்த இடம் வெறும் 10 மி.மீ. முன்முறுக்கிலேயே அது தீர்ந்துவிட்டது. புஷ்ஷைத் தள்ளி வைத்து 40 மி.மீ இடம் விட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

புஷ் கடைந்து கொடுத்தது கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை. ஒரே ஒரு பீஸ் என்றதும் முகம் சுளித்தார்கள். யாராவது போவதாக இருந்தால் நான்கைந்தாகச் சொல்லுங்கள்.

அடுத்து சித்தப்பாவின் டிபன் கடைக்குத் தொங்கும் மெனு போர்டு. அதற்கு நினைத்த இடத்தில் நிற்கும் உருளை வேண்டும். 1864-இல் ஸ்டூவர்ட் ஹார்ட்ஷார்ன் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஜன்னல் திரை உருளையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெதுவாக விட்டால் சின்ன நாக்கு ஒன்று தன் எடையாலேயே பள்ளத்தில் விழுந்து பூட்டும். வேகமாகச் சுற்றினால் வெளிப்பக்கம் விலகி வழிவிடும். சீக்கிரம் தீரும் பொங்கலை அடியில் எழுதிப் படம்கூடப் போட்டுவிட்டேன். போர்டு மேலே சுருளும்போது முதலில் மறைவது மேல் வரிதானே! பொங்கல் உச்சிக்குப் போனது, இட்லி அடிக்கு வந்தது.

ஆனால் ஸ்டாண்டி இன்னும் முடியவில்லை. டபுள் சைடு டேப் கோணலாக ஒட்டியதில் பேனர் இடப்பக்கம் 4 மி.மீ ஓடி, பெட்டியின் விளிம்பில் உரசுகிறது. பிரித்து, மூலைமட்டம் வைத்து மறுபடி ஒட்ட வேண்டும். அதற்குள் சித்தப்பா மெனுவில் பூரியையும் சேர்க்கச் சொல்லிவிட்டார்.