2147483647 என்ற முதன்மை எண்

செட்டியார் தெரு நகைக்கடை முதலாளி ஒருத்தர் போன் எடுத்தார். "தம்பி, இந்த மாசம் நல்ல வியாபாரம். மொத்தத்தைப் பார்த்தா மைனஸில நிக்குது. கொம்பியூட்டருக்கு என்ன விசர் பிடிச்சிட்டுதோ?"

விசர் இல்லை. யாரோ எப்பவோ எழுதிக் கொடுத்த பழைய மென்பொருள். காசைச் சதமாக்கி, 32 பிட் (0 அல்லது 1 ஆக 32 இலக்கங்கள்) முழு எண்ணாகச் சேமிக்கிறது. அதில் 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபா 47 சதம் வரைதான் கொள்ளும். இன்னும் ஒரு சதம் சேர்ந்தால் தொகை அப்படியே மறைப் (மைனஸ்) பக்கம் குதித்துவிடும். பவுண் விலை லட்சத்தைத் தாண்டும் என்று அப்போது யார் கண்டது? 64 பிட்டுக்கு மாற்றிக் கொடுத்தேன், வேலை முடிந்தது.

ஆனால் அந்த எல்லையைச் சதத்தில் சொன்னால் வரும் எண் என்னை விடவில்லை. 2இன் 31ஆம் வலுவில் ஒன்று குறைய, 2147483647. அது ஒரு முதன்மை எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாது. கணினியின் எல்லை என்பதால் அப்படி அமையவில்லை. 16 பிட்டின் எல்லையான 32767ஐப் பாருங்கள், 7 × 31 × 151 என்று உடைந்துவிடும். நான் மாற்றிக் கொடுத்த 64 பிட்டின் எல்லையும் 7ஆல் மீதியின்றி வகுபடும்.

இது முதன்மை எண்தான் என்று 1772இல் நிறுவியவர் கணிதமேதை ஒயிலர். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய முழுதாகப் போயிருந்தது. வர்க்கமூலம் 46340 சொச்சம். அதுவரை உள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் ஆயிரக்கணக்கில் வரும். அவர் முதலில் சல்லடை போட்டார். இந்த எண்ணுக்கு ஒரு முதன்மைக் காரணி இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் வர வேண்டும். 46340க்குள் அப்படிப்பட்டவை 373தான். அதிலும் 63, 249 போன்றவை தாமே முதன்மை எண்கள் இல்லை, அவற்றைத் தள்ளிவிடலாம். மிஞ்சுவதில் முதலாவது 311. வெள்ளவத்தை பஸ்ஸில் இருந்தபடி பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன்: ஈவு 6905092, மீதி 35. அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை. மனிதர் கடைசிவரை போயிருக்கிறார்.

நகைக்கடைக் கணக்குக்கு அது முதன்மை எண்ணாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. அந்தக் குணம் உண்மையில் உதவுவது எழுமாற்று எண்களை, அதாவது பகடை உருட்டியதுபோல் ஒழுங்கின்றி வரும் எண்களை, உருவாக்கும்போது. ஒரு எண்ணை எடுத்து 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து, மீதியை எடுங்கள். அந்த மீதியை மறுபடி பெருக்குங்கள். 1 முதல் 2147483646 வரை ஒன்றுகூட விடுபடாமல் எல்லா எண்ணும் வந்த பிறகுதான் தொடங்கிய எண் திரும்ப வரும். 16807 என்பது 7இன் ஐந்தாம் வலு. பெருக்கியை மாற்றினால் சுற்று குறுகிவிடலாம். வகுக்கும் எண் முதன்மை எண்ணாக இல்லாவிட்டால் இப்படி முழுச் சுற்று கிடைக்கவே கிடைக்காது. சி பிளஸ் பிளஸ் என்ற நிரல்மொழியோடு வரும் ஆயத்த நிரல்களின் நூலகத்தில் இந்தச் சூத்திரம் இன்றைக்கும் இருக்கிறது.